விதைக்கோட்டையும் கோதுமை மணியும்

புதுக்கோட்டை நகருக்கு மேற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் குடுமியான்மலை என்னும் சிற்றூர் இருக்கின்றது. பழங் கல்வெட்டுக்கள் இதனைத் திருநலக்குன்றம் எனக் கூறும். ஊரின்கண் ஒரு கற்குன்று. குன்றின் அடியிலே சிகாநாதர் கோயில். அங்குள்ள குடைவரைக்கு அருகே, பாறையின்மேல், பல்லவ கிரந்த எழுத்துக்களாற் பொறிக்கப்பட்ட இசைக் கல்வெட்டு. 1904-ஆம் ஆண்டில் கல்வெட்டுத் துறையினராற் படியெடுக்கப்பட்ட அச் சாசனத்தைப் பற்றி இசைநூல் வல்லார் பலர் எழுதியிருக்கின்றனர். ஆயினும் இவ்வியாசத்தில் யாம் பேசப் புகுந்தது இசையன்று, தானியம்.

குடுமியான்மலை தானியத்திற்கும் உரிய ஊரே. பேராறு எதுவும் பாயாத இப் பகுதியில், வடகிழக்குப் பருவமழையை ஏந்தி நிற்கும் கண்மாய்களே உழவர்க்குத் தாயும் தந்தையும் ஆகும். மழை பொய்த்த ஆண்டில் கண்மாய் வெடித்துக் கிடக்கும். பெய்த ஆண்டில் வயல் பசுமை கொள்ளும். அண்ணா பண்ணை எனப்படும் அரசு விதைப்பண்ணை இங்கே இருக்கின்றது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேளாண்மைக் கல்லூரி ஒன்றும் 2014-ஆம் ஆண்டு முதல் இங்கு நடைபெற்று வருகின்றது. நாட்டுக்கு வேண்டும் விதையையும், விதையை அறிந்த இளைஞரையும் ஒருங்கே ஆக்கும் ஊர் என இதனைச் சொல்லின் மிகையாகாது.

இசைக் கல்வெட்டைக் காணும் விருப்பத்தால் எம் மாணவர் சிலரோடு யாம் அங்குச் சென்றிருந்தபோது, கண்மாய்க் கரையின் நிழலில் இருந்த முதியவர் ஒருவரோடு உரையாடும் வாய்ப்புக் கிடைத்தது. பேச்சு அவருடைய இளமைக்காலத்து விதைநெல்லைப் பற்றித் திரும்பிற்று. நன்றாகக் காயவைத்த விதைநெல்லை வைக்கோலிற் பொதிந்து, வைக்கோற் புரியால் இறுகச் சுற்றி, மேலே சாணமும் மண்ணும் பூசி உருண்டையாகக் கட்டிவைப்பர். அதற்குக் கோட்டை என்று பெயர். மழை இல்லாத ஓர் ஆண்டில் வீட்டிலே அரிசி அற்றுப்போன பின்னரும், தம் தாயார் அக் கோட்டையைத் தொடவில்லை என்றும், தம்பி பசியால் அழுத இரவுகளில் அத் தாய் அதன் அருகிலேயே படுத்திருந்ததாகவும் அவர் கூறினார். கூறிவிட்டு, "பிள்ளை அழுதால் கோட்டையை அவிழ்க்கலாமா, கூடாதா? நீங்கள் படித்தவர்கள், சொல்லுங்கள் ஐயா" என்று கேட்டார்.

எம்மால் உடனே விடை கூற இயலவில்லை. ஊர் திரும்பிய பின்னர், எமக்குப் பழக்கமான வேதாகமத்தைத் திறந்து, தானியத்தைக் குறித்து அது கூறுவனவற்றை அவ் வினாவின் ஒளியிலே மீண்டும் படித்தோம். தானியம் என்பது வேதாகமத்தில் இன்னின்ன பொருளுக்கு அடையாளம் என்று பட்டியல் வகுத்துக் கூறுவது எளிது. மிகுதிக்கு அடையாளம், நியாயத் தீர்ப்புக்கு அடையாளம், உயிர்த்தெழுதலுக்கு அடையாளம் என்று அப் பட்டியல் நீளும். ஆனால் அடையாளம் ஆவதற்கு முன் தானியம் ஒரு வீட்டின் உணவாய் இருந்தது என்பதை மறந்தால், பட்டியல் உயிரற்றதாய்விடும். ஆதலின் வயலிலிருந்தே தொடங்குவோம்.

மொழிபெயர்த்தோர் செய்த உபகாரம்

இஸ்ரவேலரின் நாட்டில் முதன்மையான தானியங்கள் இரண்டு: கோதுமை, வாற்கோதுமை. ஏறத்தாழ அக்டோபர், நவம்பர் மாதங்களிற் பெய்யும் முன்மாரியில் உழுது விதைப்பர். வேனில் தொடங்கும்போது பெய்யும் பின்மாரி கதிரை முற்றுவிக்கும். முதலில் அறுவடையாவது வாற்கோதுமை. அது பஸ்கா பண்டிகைக் காலம். அதன்பின் ஏழு வாரங் கழித்து வரும் பெந்தெகொஸ்தே பண்டிகை கோதுமை அறுவடைக்கு உரியது. வாற்கோதுமை விலை குறைந்தது, ஏழைகளின் உணவு. ஐயாயிரம் பேருக்கு உணவாகுமாறு ஒரு சிறுவனிடமிருந்து இயேசுநாதர் பெற்ற ஐந்து அப்பங்களும் வாற்கோதுமை அப்பங்களே என்று யோவான் குறிப்பது, அச் சிறுவனின் வீட்டு நிலையையும் நமக்கு உணர்த்தும்.

தமிழகத்து மக்களின் உணவோ நெல்லும் கேழ்வரகும் கம்பும் வரகும். 1714-15-ஆம் ஆண்டுகளில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் அச்சிட்ட புதிய ஏற்பாடு முதல், 1871-ல் முழுமையாக வெளிவந்த திருப்புதல் வரை உழைத்த மொழிபெயர்ப்பாளர், இவ் வேற்றுமையை எதிர்கொள்ள வேண்டியவராயினர். அவர்கள் கோதுமையை நெல் என மாற்றவில்லை. ஆனால் கோதுமையின் சுற்றத்தை எல்லாம் நெல்லின் வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டனர். களம், களஞ்சியம், பதர், அரிக்கட்டு, தூற்றுக்கூடை என்பன யாவும் நம் உழவர் வாயிலிருந்து பெற்ற சொற்கள். விளக்கை ஏற்றி எதனால் மூடலாகாது என்று மலைப்பிரசங்கம் கூறுகின்றதோ, அப் பாத்திரமும் தமிழில் நெல்லளக்கும் மரக்காலே ஆயிற்று. ஆதலின் தமிழ் வேதாகமத்தைக் கேட்கும் உழவன் தானியத்தைப் பற்றிய உவமைகளுக்குத் தனியே உரை தேட வேண்டியதில்லை. தன் களத்தை நினைத்தாற் போதும்.

களமும் அளவையும்

களத்தில் நடப்பன மூன்று: போரடித்தல், தூற்றுதல், அளத்தல். இம் மூன்றையும் வேதாகமம் அடையாளமாக்கியிருக்கின்றது.

போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டலாகாது என்பது மோசேயின் கட்டளைகளுள் ஒன்று. பிணையல் மாடுகள் சுற்றிவரும் களத்தைக் கண்டவர்க்கு இதன் நயம் விளங்கும். மாட்டின் வாயைக் கட்டினால் சில படி தானியம் மிஞ்சும். ஆயினும் உழைக்கும் உயிர் தன் காலடியில் உள்ள உணவைக் கண்டு ஏங்கும்படி விடலாகாது என்பதே கட்டளையின் கருத்து. மாட்டிற்கே இவ்விதி என்றால் உழைக்கும் மனிதனுக்கு எத்துணை உரிமை உண்டென்பதைப் பவுல் அடிகள் இதிலிருந்தே எடுத்துக்காட்டினார்.

தூற்றுதலைப் பற்றி ஒரு வேறுபாட்டை உணர்தல் நலம். பதர் வேறு, களை வேறு. களை என்பது வேறு செடி. கோதுமையினிடையே பகைவன் விதைத்ததாக இயேசுநாதர் கூறிய களை, கதிர் வெளிப்படும் வரையிற் கோதுமையைப் போலவே தோன்றும் ஒருவகைப் புல் என்று அறிஞர் கூறுவர். நெல்வயலிலும் குதிரைவாலி இனத்துப் புல் அவ்வாறே இளம்பருவத்தில் நெல்லென மயக்கும். விதைப்பண்ணைகளிலே கலவன் நீக்குவோர் பூக்கும் பருவத்தையும் கதிர் முற்றும் பருவத்தையும் எதிர்நோக்கி நிற்பது இதனாலேயே. அறுப்பு மட்டும் இரண்டும் வளரட்டும் என்று உவமையில் வரும் தலைவன் கூறியது சோம்பலன்று. மனிதர் அவசரப்பட்டுத் தீர்ப்பிட்டால் நல்ல பயிரையும் பிடுங்கிவிடுவர் என்ற அச்சமே.

பதரோ அயற்செடி அன்று. ஒரே வேரிலிருந்து நீருண்டு, ஒரே கதிரில் நின்று, நெல்லின் வடிவமே கொண்டு, உள்ளே மணியில்லாதிருப்பது. காற்றிலே தூற்றும்போது மணி காலடியில் விழும், பதர் பறந்துபோம். துன்மார்க்கரைச் சங்கீதக்காரர் பதருக்கு ஒப்பிட்டதும், யோவான் ஸ்நானகன் தூற்றுக்கூடையை ஏந்திவரும் ஒருவரைப் பற்றிப் பிரசங்கித்ததும் இதுபற்றியே. களை புறத்தாரைக் குறித்த எச்சரிக்கை என்றால், பதர் நம்மைக் குறித்த எச்சரிக்கை. ஆலயத்தில் அமர்ந்திருந்தும், கல்லூரியிற் பயின்றிருந்தும், உள்ளீடு இன்றி இருத்தல் கூடும். அதே வேளையில், பூக்கும் பருவத்தில் தண்ணீர் தவறினாற் பதர் மிகும் என்பதை உழவர் அறிவர். ஆதலின் ஒருவனைப் பதர் என்று இகழ்வதற்கு முன், அவனுக்கு உரிய காலத்தில் நீர் பாய்ச்சினோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வது முறை.

அளத்தல் மூன்றாவது. எட்டு நாழி ஒரு குறுணி. இரு குறுணி ஒரு பதக்கு. இரு பதக்கு ஒரு தூணி. முத்தூணி ஒரு கலம். தமிழ்நாட்டுக் கோயிற் கல்வெட்டுக்களைப் படிப்போர் இவ்வளவைகளை வரிக்கு வரி காண்பர். விளக்கெரிப்பதற்கும், திருவமுதுக்கும், பணிசெய்வோர் ஊதியத்திற்கும் நெல்லே அளவுகோலாக இருந்தது. ஆலயத்திற்கும் களத்திற்கும் உள்ள இவ்வுறவு எருசலேமிலும் உண்டு. தாவீது அரசன் ஐம்பது சேக்கல் வெள்ளி கொடுத்து ஒருவனுடைய போரடிக்குங் களத்தை வாங்கினான். அக் களத்தின்மேலேயே சாலொமோன் ஆலயத்தைக் கட்டினான் என்று வேதாகமம் கூறுகின்றது. மணியும் பதரும் பிரியும் இடத்தில் வழிபாட்டிடம் எழுந்தது பொருத்தமே.

நம் களங்களில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று எண்ணாமல் லாபம் என்று சொல்லும் வழக்கம் உண்டு. அது மங்கல வழக்கம். ஆனால் அளவையிலே பொய் புகுமானால் மங்கலம் எங்கே நிற்கும்? எப்பொழுது பண்டிகை முடியும், எப்பொழுது கடையைத் திறக்கலாம் என்று காத்திருந்து, மரக்காலைச் சிறிதாக்கி, விலையைப் பெரிதாக்கி, கோதுமையின் கழிவை ஏழைக்கு விற்ற வணிகரை ஆமோஸ் என்னும் தீர்க்கதரிசி கடிந்துரைத்தார். இறைவன் மறக்கமாட்டார் என்று அவர் கூறிய செயல்களுள் கள்ள அளவையும் ஒன்று.

இருவகைக் களஞ்சியம்

களத்திலிருந்து தானியம் களஞ்சியத்திற்குச் செல்கின்றது. வேதாகமத்தில் இருவகைக் களஞ்சியங்கள் உண்டு.

முதலாவது யோசேப்பின் களஞ்சியம். ஏழு வளமான ஆண்டுகளில் விளைவில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைத்து, பின்வந்த ஏழு பஞ்ச ஆண்டுகளில் எகிப்தியரையும் அயல் நாட்டாரையும் அவன் காத்தான். இரண்டாவது, லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் வரும் ஐசுவரியவானின் களஞ்சியம். நிலம் நன்றாய் விளைந்தபோது பழைய களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டுவேன் என்று அவன் தன் ஆத்துமாவோடு பேசிக்கொண்டான். அன்றிரவே அவன் உயிர் கேட்கப்பட்டது. இருவரும் சேர்த்தனர். ஆனால் யோசேப்பு பிறர் பசியை எண்ணிச் சேர்த்தான். மற்றவன் பேச்சில் தன்னைத் தவிர வேறொருவரும் இல்லை. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் அளவுக்கு மேல் எடுத்து மறுநாளைக்கென வைத்த மன்னா புழுத்து நாறியது என்னும் வரலாறும் இதனையே குறிக்கும்.

யோசேப்பின் களஞ்சியத்திலும் ஒரு நிழல் உண்டு என்பதை மறைத்தல் நேர்மையன்று. பஞ்சம் நீடித்தபோது எகிப்தியர் முதலிற் பணத்தையும், பின்னர்க் கால்நடைகளையும், முடிவில் நிலங்களையும் தங்களையுமே விற்றுத் தானியம் பெற்றனர். நிலம் பாழாகாதபடி விதை தாரும் என்று மன்றாடினர். அவன் விதை கொடுத்தான், நிலமெல்லாம் பார்வோனுடையதாயிற்று. பசியைத் தீர்க்கும் கையே அடிமையாக்கும் கையாகவும் ஆதல் கூடும். இதே துன்பம் நெகேமியாவின் காலத்தில் மீண்டும் தோன்றிற்று. தானியம் வாங்குவதற்காக நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்தோம், பிள்ளைகளையும் அடிமையாக்கினோம் என்று மக்கள் முறையிட்டபோது, அவர் செல்வரை ஒன்றுகூட்டி, வட்டியை விட்டொழித்து நிலங்களைத் திரும்பக் கொடுக்கும்படி ஆணையிட்டுக்கொள்ளச் செய்தார்.

நம் நாட்டிலும் இவை பழங்கதை அல்ல. தாது வருஷப் பஞ்சம் என்று மக்கள் வழங்கும் 1876-78-ஆம் ஆண்டுகளின் கொடும் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தார் எண்ணிறந்தோர் மாண்டனர். அக்காலத்திலும் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. பசி வருவதற்குத் தானியம் அற்றுப்போக வேண்டும் என்பதில்லை. அது பூட்டப்பட்டாலே போதும்.

பூட்டுதற்கு மாற்றாக மோசேயின் நியாயப்பிரமாணம் ஒரு வழி காட்டிற்று. வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்கலாகாது. சிந்திய கதிரைப் பொறுக்கலாகாது. மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிச் செல்லலாகாது. அவை பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் உரியவை. இது பிச்சையன்று, பங்கு. நம் பழைய களங்களிலும் நிலத்தில் உழைத்தோரும் ஊர்ப்பணி செய்தோரும் நெல் அளக்கும்போது பெற்ற பங்கிற்குச் சுதந்திரம் என்றொரு பெயர் வழங்கிற்று. அழகிய சொல்லே. ஆனால் அதனைப் பெற்றவர் பலர் சாதியின் பெயரால் களத்திற்குப் புறத்தே நின்றே பெற நேர்ந்தது என்பதையும் உடன் சொல்லவேண்டும். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தானியத்தைச் சலுகையாக அன்றி உரிமையாக வகுத்ததும் அப் பழைய எண்ணத்தின் புதிய வடிவம் எனலாம்.

அந்த வயலோரத்திலிருந்துதான் ரூத் என்னும் மோவாபியப் பெண் நம்முன் வருகின்றாள். கணவனை இழந்து, மாமியாரைப் பிரியாமல், அயல்நாடாகிய பெத்லகேமுக்கு வந்து கதிர் பொறுக்கினாள். நிலக்கிழவனாகிய போவாஸ், அவள் நாணாதபடி அரிகளிலிருந்து சிலவற்றை வேண்டுமென்றே சிந்திவிடுமாறு வேலையாட்களுக்குச் சொல்லிவைத்தான். மாலையில் அவள் தட்டியெடுத்த வாற்கோதுமை ஏறக்குறைய ஓர் எப்பா. நம் கணக்கில் 20 லிட்டருக்குச் சற்று மேல். அவள் வழியிலே தாவீது பிறந்தான். தாவீதின் வழியிலே இயேசுநாதர் பிறந்தார். பெத்லகேம் என்னும் பெயருக்கு அப்பத்தின் வீடு என்று பொருள் கூறுவர். வயலோரத்தில் ஓர் ஏழைப் பெண்ணுக்கென்று விடப்பட்ட கதிர்கள் இல்லையேல் அவ் வரலாறு எவ்வாறு தொடர்ந்திருக்கும்?

கண்ணீரோடு விதைப்போர்

இனி, முதியவர் கேட்ட வினாவை அணுகுவோம். கண்ணீரோடு விதைப்பவர் களிப்போடு அறுப்பர் என்னும் கருத்துடைய 126-ஆம் சங்கீதத்தை நம் ஆலயங்களிற் பலமுறை கேட்டிருக்கின்றோம். விதைப்பவன் ஏன் அழவேண்டும்? சிறையிருப்பிலிருந்து மீண்டோரின் பாட்டாதலின் அவர்தம் பொதுத் துயரமே அக் கண்ணீர் என்று உரைப்பர். அது பொருந்துவதே. ஆயினும் குடுமியான்மலை முதியவரின் சொற்களைக் கேட்டபின் அவ் வரி எமக்கு வேறொரு வகையாகவும் விளங்கிற்று. விதைக்கும் மாதம், பழைய தானியம் தீர்ந்து புதியது வராத மாதம். வீட்டில் எஞ்சியிருப்பது விதை ஒன்றே. அதனை மடியிற் கட்டிக்கொண்டு வயலுக்குச் செல்பவன், தன் பிள்ளையின் வாயிலிருந்து எடுத்து மண்ணின் வாயில் இடுகின்றான். அவன் அழாமல் என் செய்வான்?

அரசர் கட்டிய கோட்டை புறத்தேயிருந்து வரும் பகைவரைத் தடுக்கும். விதைக்கோட்டையோ வீட்டுக்குள்ளே இருக்கும் பசியைத் தடுத்து நிற்கும். காவல் புரிபவள் தாய்; முற்றுகையிடுபவனும் அவள் பெற்ற பிள்ளையே. விதைத்தல் என்பது நம்பிக்கைக்கு அடையாளம் என்று எளிதாக எழுதிவிடுகின்றோம். அந் நம்பிக்கையின் விலை இத்தகையது.

அவ்வாறாயின் கோட்டையை அவிழ்க்கலாகாது என்பதுதான் விடையா? வேதாகமத்திலும் நம் தமிழ் நூல்களிலும் இதற்கு நேர்மாறான காட்சிகளும் உண்டு. சாறிபாத் ஊரிலிருந்த விதவை, பானையில் எஞ்சிய ஒரு பிடி மாவைத் தானும் தன் மகனும் உண்டு சாவதற்கென வைத்திருந்தாள். பசித்துவந்த எலியாவுக்கு அதனை முதலிற் சுட்டுக் கொடுத்தாள். மழை பெய்யும் நாள்வரை அவள் பானையில் மா குறையவில்லை. பெரியபுராணம் கூறும் இளையான்குடிமாற நாயனார், பகலில் விதைத்த நெல்லின் முளையை மழை பெய்யும் நள்ளிரவில் வாரிவந்து அடியாருக்கு உணவாக்கினார். விதைக்கென வைத்த தினையை உரலிலிட்டு விருந்தினருக்குச் சமைத்த மனைவியைப் புறநானூறு காட்டுகின்றது. விருந்தினரை உண்பித்து எஞ்சியதை உண்பவனது நிலத்திற்கு விதையும் இடவேண்டுமோ என்று திருவள்ளுவர் வினவுகின்றார். வேற்றுச் சமயத்தார், வேற்றுக் காலத்தார். ஆயினும் ஒரு கருத்திலே ஒன்றுபடுகின்றனர்.

மண்ணுக்குக் கொடுத்தவளும் தன் கையை விரித்தாள். பசித்தவனுக்குக் கொடுத்தவளும் தன் கையை விரித்தாள். மூடிய கை ஒன்றே இவ்வரலாறுகள் அனைத்திலும் கண்டிக்கப்படுகின்றது. ஆதலின், பிள்ளை அழும் வீட்டை நோக்கி அவிழ் என்றோ அவிழ்க்காதே என்றோ கட்டளையிட வேதாகமம் முற்படவில்லை. அது அடுத்த வீட்டை நோக்கித் திரும்புகின்றது. ஒரு தாய் அந்தக் கோட்டையின் அருகே உறங்காமற் கிடந்த இரவில், அவ்வூரில் நிரம்பிய களஞ்சியம் ஏதேனும் இருந்ததா? அதன் கதவு ஏன் திறக்கவில்லை? வயலோரத்தை விட்டுவைக்கும் கட்டளையும், ஆமோஸின் கோபமும், நெகேமியாவின் ஆணையும் இவ்வொரு கேள்வியிலே வந்து கூடுகின்றன.

மடியும் மணி

தானியத்தைக் குறித்த வேதாகமப் போதனையின் சிகரம், தம் மரணத்திற்குச் சில நாள் முன்னர் இயேசுநாதர் கூறிய உவமை. கோதுமை மணி நிலத்தில் விழுந்து சாகாவிடில் தனித்தே இருக்கும்; செத்தால் மிகுந்த பலன் தரும் என்பது அதன் கருத்து.

இயற்கை நூல் பயிலும் எம் மாணவர் ஒருவர், விதை சாவதில்லையே, செத்த விதை முளைக்காதே என்று கேட்டார். நல்ல கேள்வி. வேகவைத்த நெல்லை விதைத்தால் முளைக்காது. விற்பனைக்கு வரும் சான்று பெற்ற நெல்விதையில் நூற்றுக்கு 80-க்குக் குறையாமல் முளைக்கும் ஆற்றல் இருத்தல் வேண்டும். ஈரம் 13 விழுக்காட்டிற்கு மேற்படலாகாது என்பது விதி. உயிருள்ள விதையே முளைக்கும் என்பதில் ஐயமில்லை. பின் இறப்பது எது?

நெல் அல்லது கோதுமை மணியில் முளைக்கும் கரு மிகச் சிறியது. மணியின் பெரும்பகுதி அக் கருவுக்கெனச் சேர்த்துவைத்த மாப்பொருளே. நாம் சோறாகவும் அப்பமாகவும் உண்பது அதனைத்தான். உலர்ந்த மணி பெட்டியில் இருக்கும்வரை அச் சேமிப்பு அப்படியே இருக்கும். ஈரமண்ணில் விழுந்ததும் மணி நீருண்டு பருக்கின்றது. மாப்பொருள் கரைந்து கருவுக்கு உணவாகின்றது. வேர் கீழேயும் முளை மேலேயும் செல்கின்றன. சில நாட்களில் தோண்டிப் பார்த்தால் சக்கையான தோலே எஞ்சும். மணி தன் உயிரை இழக்கவில்லை. தனக்கென வைத்திருந்ததை இழந்தது. மணி என்னும் வடிவத்தையும் இழந்தது. இயேசுநாதர் சாவு என்று குறித்தது இவ்விழப்பையே என்று கொள்ளின், உவமைக்கும் இயற்கைக்கும் பகையில்லை. கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் அடிகளும், விதைக்கப்படுவது வெறும் மணி, எழுவதோ வேறொரு மேனி என்று இதே வழியில் உயிர்த்தெழுதலை விளக்கினார்.

வீணாகப் பெட்டியிற் கிடக்கும் விதை அழியாமல் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் முளைப்பாற்றல் குன்றி, வெளித்தோற்றம் மாறாமலே உள்ளே உயிரற்றதாய்விடும். விதைத்த மணியோ மறைந்து, ஒன்றுக்கு முப்பதும் அறுபதும் நூறுமாகத் திரும்பும். நெற்கதிர் ஒன்றில் நூறு மணிக்கு மேற் காண்பது அரிதன்று. ஒரு தூரில் கதிர் பல. கொடுத்து இழப்பதும் கொடாமல் இழப்பதும் ஆகிய இரண்டில் ஒன்றுதான் விதையின் முன்னே உள்ளது. இழவாமல் இருக்கும் மூன்றாம் வழி இல்லை.

அப்பத்தைப் பற்றியும் ஒரு சொல். மணிகள் பல அரைபட்டு ஒரே மாவாகி, ஒரே அப்பமாகின்றன. திருவிருந்தின் அப்பத்தை நோக்கி, மலைகளின்மேற் சிதறிக் கிடந்தது ஒன்றுகூட்டப்பட்டவாறு சபையும் ஒன்றுகூட்டப்படுக என்று வேண்டும் பண்டைய மன்றாட்டு ஒன்று திதாகே என்னும் ஆதித் திருச்சபை நூலில் உண்டு. மாவில் இது மேட்டுநிலத்து மணி, இது பள்ளத்து மணி என்று பிரித்துக் காணல் இயலாது. ஒரே அப்பத்தைப் பகிர்ந்தபின்னும் இன்னார் இன்ன சாதி என்று பிரித்துக் காண்போர் அவ் வப்பத்தின் பொருளை உண்ணவில்லை.

முடிவுரை

கல்வியும் ஒருவகைத் தானியமே. நம் கல்லூரியில் மூன்றாண்டு, ஐந்தாண்டு பயின்று வெளிச்செல்வோர் ஒவ்வொருவரும் ஒரு பிடி விதையை மடியிற் கட்டிக்கொண்டு செல்கின்றனர். அவ் விதையை அவர்களுக்காகக் காத்துவைத்த வீடுகளிற் பல, அதன் அருகே பசியோடு கிடந்த வீடுகள். மகனின் கல்லூரிக் கட்டணத்திற்காகத் தாய் தன் காதணியை விற்ற கதையை நம்முட் பலர் நூலிற் படித்து அறிந்தவரல்லர், வீட்டிலே கண்டவர். அவ் விதையைத் தன் பெட்டியிலேயே பூட்டி வைப்பவன் யாருடைய கண்ணீரைப் பூட்டி வைக்கின்றான் என்பதை எண்ணுக.

சின்னாட்களுக்குப் பின்னர் அவ்வழியே மீண்டும் செல்ல நேர்ந்தபோது அப் பெரியவரைக் கண்டு, எமக்குத் தோன்றிய விடையை எளிய சொற்களிற் கூறினோம். அவர் சிறிதுநேரம் வாளாவிருந்து, "அந்த வருடம் மழை பெய்தது ஐயா, விதைத்தோம். தம்பியும் பிழைத்துக்கொண்டான். ஆனால் அம்மா அதன்பின் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். உலைக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனிப்பானையில் போட்டுவிடுவாள். அடுத்த தெருவில் எந்த வீட்டில் புகை எழவில்லை என்று பார்த்து அந்தப் பானையைக் கொண்டுபோய்க் கொடுப்பாள்" என்றார்.

அத் தாய் வேதாகமத்தைப் படித்தவர் அல்லர். யாம் பல ஏடுகளைப் புரட்டிக் கண்ட விடையை அவர் ஒரு பிடி அரிசியில் முன்னமே எழுதிவைத்திருந்தார்.